இறங்கிய எண்

ஏரியா மேனேஜருக்குப் பொய் சொல்ல வராது. இந்தத் தகவலை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். மருந்துக் கம்பெனியில் இருந்துகொண்டு ஒரு பொய்கூடச் சொல்லாமல் இந்த உயரத்துக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி தன் கைவிரல் நகங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்குவாள்.

உயரம் என்றது இதைத்தான்: வேலையில் சேர்ந்த புதிதில் அவர் டாக்டர்களின் அறைக்கு வெளியே பையோடு நின்றார். இப்போது அவருக்குக் கீழே ஆறேழு பேர் நிற்கிறார்கள். அவர்கள் ஒழுங்காக நிற்கிறார்களா என்று பார்ப்பதற்காக அவரும் கூடவே போய் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டால் அரை நிமிஷம். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை வைத்து மேனேஜர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுவார். "இன்னிக்கு அந்த பெரிய டாக்டர் என்னைக் கேட்டார்" என்று தொடங்கும் அந்தப் பேச்சு. டாக்டர் கேட்டது, கதவைச் சாத்திட்டுப் போறீங்களா என்பதாக இருக்கும்.

சொந்தக்காரர்களில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவருக்குத்தான் போன். எதிரில் "டாக்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "அரை டாக்டர்". அந்தப் பாதியும் அதிகம் என்பது அவர் மனைவியின் கட்சி.

அவர் விற்றது பித்த அமில மாத்திரை. ஈரல் சுரக்கிற பித்தத்தில் இருக்கும் ஒரு சரக்கை ஆலையில் செய்து வெள்ளையாக உருட்டியது. முதன்முதலில் கரடியின் பித்தத்தில் கண்டுபிடித்தார்கள் என்று அவர் விருந்தினர்களிடம் சொல்வார். "கரடி விடறதுன்னா இதுதான்" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

மருந்தைக் குறை சொல்லக் கூடாது. பித்தநாளம் கெட்டுப்போன சில பேருக்கு அது நிஜமாகவே நல்ல மருந்து. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். கம்பெனியின் ஆசையோ கொஞ்சமல்ல. ஈரலில் வைரஸைக் குடிவைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கம்பெனி அந்தத் தெருப்பக்கம் திரும்பியது.

ஈரல் நொந்தால் ரத்தத்தில் ஓர் எண் ஏறும். லேப்காரர்கள் அதற்கு எஸ்ஜிபிடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். இந்த மாத்திரையைப் போட்டால் அந்த எண் கொஞ்சம் இறங்கும். வைரஸ் இறங்காது. அது உட்கார்ந்த இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. டாக்டர்களிடம் காட்டும் வழவழ ஃபோல்டரில், இறங்குகிற நீலக் கோட்டுக்கு அடியில், வைரஸ் மீது பலன் எதுவும் காணப்படவில்லை என்று கம்பெனியே எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்த ஃபோல்டரைப் பிடிக்க ஒரு முறை உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏரியா மேனேஜர்தான் பழக்கிவிடுவார். "இடது கை கட்டைவிரல் கீழே, இதோ இந்த இடத்துல. வலது கையில பேனா. பேனா கோட்டு மேல சறுக்கிட்டு இறங்கணும், டாக்டர் கண்ணு பேனா பின்னாடியே வரணும்." கட்டைவிரல் விழுகிற இடத்தில்தான் எறும்புகள் இருந்தன. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் விரலை அங்கேதான் வைத்தார். மறைக்க என்று யாரும் சொன்னதில்லை. பிடிமானத்துக்கு என்றுதான் சொன்னார்கள். ஆகவே அந்த வரியை அவர் மறைத்தார் என்று சொன்னால் அது அபாண்டம். அவர் அதைப் படித்ததே இல்லை.

இந்த நிலையில் அவருடைய தங்கை புருஷனுக்கு ஈரலில் வைரஸ் என்று தெரியவந்தது.

அந்த மனிதர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு கார், அதன் கூரையில் ஒரு பலகை, பக்கத்து சீட்டுக்கு அடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எதை மிதித்தாலும் கடைசியில் வண்டியை நிறுத்துவது அவருடைய கால்தான் என்பதால் அவருக்குப் பிரேக் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது.

யாருக்கோ ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனார். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம், நீங்களே ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் பிரிவு டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, ஹெபடைட்டிஸ் பி, ரொம்ப நாளாக உள்ளே இருக்கிறது என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

"இது வைரஸைக் கொல்லாது. கட்டிப்போட்டு வைக்கும். நீங்களா கயித்தை அவுத்து விட்டீங்கன்னா, முன்ன இருந்ததைவிட வேகமா பாயும். தினமும் ஒண்ணு. நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் பிரேக் சார்.

"அவருக்குப் புரிஞ்சா போதாது, எனக்குப் புரிஞ்சுது" என்றாள் அவர் மனைவி. ஹோட்டல் விரிப்புகளை வெளுத்துத் தரும் ஒரு சலவைக்கூடத்தில் மேற்பார்வை செய்கிறவள் அவள். புருஷன் உள்பட எதையும் ஒரு தடவை உதறிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வாள். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்தது.

விஷயம் ஏரியா மேனேஜர் காதுக்குப் போனபோது நோயைவிட வேறொன்று அவரை உலுக்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்க!"

"ரத்த வங்கியில உங்க நம்பர் இல்ல அண்ணா" என்றாள் தங்கை.

அவர் மறுநாளே பை நிறைய தன் மாத்திரையைக் கொண்டுவந்து இறக்கினார். சாம்பிள், அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தது. தங்கை அதில் ஒன்றை எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டா போடட்டும், கெடுதல் இல்ல. எண்ணு கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. வைரஸுக்கு இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் குடுத்தது முக்கியம்" என்றாள்.

தங்கை இதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். "கறை மேல பவுடர் தூவற மாதிரியாம்" என்று தன் தொழிலிலிருந்து ஓர் உவமையும் சேர்த்துக்கொண்டாள்.

"சின்னப் பொண்ணு. புஸ்தகத்துல இருக்கறதை ஒப்பிக்கறா" என்றார் மேனேஜர் மன்னிக்கும் பாவனையில்.

கிண்ணத்தில் இரண்டு மாத்திரைகள் உட்கார்ந்தன. எண் இறங்கியது. வைரஸைக் கட்டியதால் இறங்கியதா, பவுடர் தூவியதால் இறங்கியதா என்று எண்ணுக்கு வாயிருந்தால் சொல்லியிருக்கும். வாய் மேனேஜருக்குத்தான் இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் கீழே வைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா மாப்பிள்ளை! நம்ம மாத்திரை!" என்றார். அந்த "நம்ம"வில் பிரேக் சார் கொஞ்சம் நெளிந்தார். ஆனால் சந்தோஷம்தான். எண் இறங்கினால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

அந்தச் சமயம் கம்பெனியின் ஆண்டு மாநாடு வந்தது. வெறும் கோடுகளைக் காட்டினால் பிரதிநிதிகள் தூங்கிவிடுகிறார்கள் என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்திருந்தது. இந்த வருஷம் மேடையில் உயிரோடு ஒரு நோயாளி வேண்டும். மேனேஜர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். அவருடைய பெரிய மேலாளர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற மருந்து எதுவும் சாப்பிடலையே? நம்மது மட்டும்தானே?"

"நம்மது மட்டும்தான் சார்."

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சொன்னது பொய். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள், சொன்னார். "இதுல என்ன? இன்னொரு மருந்தும் சாப்பிடறார்னு மறுபடி போன் பண்ணிச் சொல்லுங்க. முடிஞ்சுது" என்றாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். மேலதிகாரியிடம் சொன்னதை மாற்றிச் சொல்வதா? அதைவிட, சொன்னது உண்மையாக இருக்கும்படி செய்துவிட்டால் ஒருவரிடமும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யோக்கியமான மனிதருக்கு இருக்கும் வசதி அது.

அடுத்த நாள் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, முத்திரை குத்துகிற வேகத்தில் கியரைக் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் பிரேக் சார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மச்சான். அம்மா, கிளட்ச், கிளட்ச்! காலை எடுக்காதீங்க."

"ரெண்டு மாத்திரை சாப்பிடறீங்க. பாவம், அந்த ஈரல் ஏற்கனவே நொந்து கிடக்கு. எதுக்கு ரெண்டு சுமை?"

"டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்களே."

"அவங்க எழுதினதை அவங்களே வேண்டாம்னு சொல்லுவாங்களா? மாப்பிள்ளை, அவங்க ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தப்பவே நான் ஈரல் வித்துட்டிருந்தவன்."

தபால் அம்மா கண்ணாடியில் பார்த்தாள். "சார், இவர் கறிக்கடையா?"

"நீங்க ரோட்டைப் பாருங்கம்மா. ரோட்டுல இருக்கு உங்க கடை."

மேனேஜர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "எண்ணு இறங்கினது எதனால? நம்மதால. அப்போ அது எதுக்கு? மாசாமாசம் அந்த ஜன்னல்ல போய் நிக்கறீங்களே, அதுவாவது மிச்சம்."

ஜன்னல் என்றதும் பிரேக் சாரின் கழுத்து சுருங்கியது. ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கனமான குரல். நோயாளியின் பெயர் அவர் வாயில் நுழையாது. நோயின் பெயர் நன்றாக நுழையும். "ஹெபடைட்டிஸ் பி யாருப்பா? முன்னால வா!" போன தடவை அதே வரிசையில் அவரிடம் கார் கற்றுக்கொண்ட ஒருவர் இருமலோடு நின்றிருந்தார். கண்டுகொள்ளாத மாதிரி நின்றார். அதற்குப் பிறகு அவர் தெரிந்தவர்கள் யாரையும் இந்த ஸ்கூலுக்கு அனுப்பவில்லை.

"நிறுத்தினா ஒண்ணும் ஆகாதே?"

"ஆகறதா இருந்தா நான் சொல்லுவேனா? என் தங்கச்சி வாழ்க்கை. மாநாட்டுல மேடையில உங்களை உக்கார வைக்கப் போறேன். நடு நாற்காலி. உங்க படம் சுவரு பெரிசுக்கு வரும்."

பிரேக் சார் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் கற்றுக்கொண்டு நடு ரோட்டில் ஜோராகப் போகிறார்கள். கை காட்டுகிறவர்கள்கூடக் குறைவு. அவர் இன்னும் பக்கத்து சீட்டில்தான் இருந்தார்.

"மாநாடு முடியற வரைக்கும்தானே மச்சான்?"

"முடியற வரைக்கும். அப்புறம் எண்ணைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். தங்கச்சிகிட்ட இப்போ சொல்ல வேண்டாம். அவ பயந்துக்குவா."

இது பொய் சொல்வதில் சேராது. சொல்லாமல் இருப்பது.

இந்த இடத்தில் தபால் அம்மா ஒரு சைக்கிள்காரரை நோக்கி வண்டியைத் திருப்பினாள். பிரேக் சாரின் கால் தானாக இறங்கி வண்டியை நிறுத்தியது. அவ்வளவு நிதானமான கால்.

மறுநாளிலிருந்து பிரேக் சார் ஜன்னலுக்குப் போகும் வேலையை, நேரமில்லை என்று மனைவியிடம் தள்ளிவிட்டார். காலையில் கிண்ணத்தில் இருந்த இரண்டில் ஒன்று வாய்க்குள் போனது, மற்றது சட்டைப் பைக்குப் போனது. தெருமுனை தாண்டியதும் சாக்கடை. அந்தச் சாக்கடையில் வைரஸ் ஏதாவது இருந்திருந்தால் அது நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும்.

மாநாடு ஜில்லென்று இருந்தது. ஒரு ஹோட்டலின் பெரிய ஹால், வெல்வெட் திரை, ஒவ்வொரு நாற்காலிக்கும் இடுப்பில் ஒரு ரிப்பன். மைக்கில் பேசியவர்கள் எல்லோரும் முதலில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பெரிய மேலாளர், நாம் மாத்திரை விற்கவில்லை, நம்பிக்கை விற்கிறோம் என்றார். கை தட்டினார்கள். நம்பிக்கையின் விற்பனை இலக்கு அடுத்த வருஷம் கூடுகிறது என்றார். கை தட்டல் கொஞ்சம் குறைந்தது.

பிறகு சுவரளவு திரையில் நீலக் கோடு மேலிருந்து கீழே சறுக்கியது. கோட்டின் முடிவில் பிரேக் சாரின் முகம் மலர்ந்தது. அவரே மேடையில் மேனேஜரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த வாக்கியம் மறந்துபோய், "நல்லா இருக்கேன். எல்லாம் என் மச்சானாலதான்" என்றார். அதற்குத்தான் பெரிய கை தட்டல். ஈரல் காவலர் என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தை மேனேஜர் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

"வேறு எந்த மருந்தின் துணையும் இல்லாமல்!" என்று தொகுப்பாளர் மைக்கில் கூவினார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை நிமிர்ந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது புருஷனைக் கேட்டாள்.

"வேற மருந்து இல்லாமன்னு சொன்னாங்களே, அது என்ன?"

"மேடைன்னா அப்படித்தான் அளப்பாங்க. நீதானே தினமும் உன் கையால எடுத்து வைக்கறே?"

அவள் யோசித்தாள். ஆமாம், அவள்தான் எடுத்து வைக்கிறாள். கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வருகிறது. விட்டுவிட்டாள்.

மாநாடு முடிந்தது. எண் நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கும்போது எதற்கு மறுபடி ஆரம்பிப்பது? அடுத்து வேறொரு ஊரில் டாக்டர்கள் கூட்டம். அங்கேயும் மேடை, அங்கேயும் நடு நாற்காலி. அதற்குப் பிறகு இன்னொன்று. பிரேக் சார் தனக்கென்று ஒரு கோட்டே தைத்துக்கொண்டார். கம்பெனி புது ஃபோல்டர் அச்சடித்தது. உள்பக்கத்தில் அவர் படம். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், "நான் கொஞ்சம் வெளியூர் நிகழ்ச்சிகள்ல பிஸி" என்று சொல்லத் தொடங்கினார்.

உள்ளே கயிறு அவிழ்ந்தவன் எழுந்து சோம்பல் முறித்தான்.

முதலில் களைப்பு. பிரயாணக் களைப்பு என்றார். பிறகு சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். மேனேஜர் போனிலேயே தன் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். பிறகு ஒருநாள், சிக்னலில் வண்டி நின்றபோது, பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மறுபடி வந்திருந்த அந்தத் தபால் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், சிக்னல் பச்சைக்கு வந்துடுச்சு. உங்க கண்ணு மட்டும் இன்னும் மஞ்சள்லயே நிக்குதே."

அவர் சிரிக்கப் பார்த்தார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கால் பிரேக்கிலிருந்து எழும்பவில்லை. தபால் அம்மாவே அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தப்பில்லாமல் ஓட்டினாள்.

எண் நாலு இலக்கத்துக்குப் போயிருந்தது. டாக்டரம்மா வார்டு வாசலில் தங்கையை நிறுத்திக் கேட்டாள்.

"மாத்திரையை நிறுத்தினாரா?"

"இல்லவே இல்ல. என் கையால தினமும் எடுத்து வைக்கறேன் டாக்டர்."

டாக்டரம்மா முகம் மாறியது. "அப்போ கஷ்டம். போட்டும் இப்படி ஆகுதுன்னா மாத்திரைக்கு வைரஸ் அடங்கலைன்னு அர்த்தம். வேற வழி பார்க்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நிறுத்தியிருந்தா இப்பவே மறுபடி ஆரம்பிச்சுடுவேன். எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"நிறுத்தலைங்க."

படுக்கையில் இருந்தவரைக் கேட்கலாம் என்றால் அவருக்கு நினைவு வழுக்கிக்கொண்டிருந்தது. கிளட்ச், கிளட்ச் என்று முனகினார்.

உண்மை தெரிந்த இன்னொருவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார், டையோடு. வார்டில் நர்ஸுகளும் படிக்கிற பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். டாக்டரம்மா தன்னை அடையாளம் கண்டுகொண்டாளோ என்ற கவலை வேறு அவருக்கு. அவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செருமியதோடு சரி.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். அவள் முழங்கையால் இடித்தாள். "வாயைத் தொறங்க."

"பொறு. சரியான வார்த்தை வரணும்."

"அங்க உசிரு போயிட்டிருக்கு. இங்க வார்த்தை தேடறாரு."

மேனேஜர் ஓர் அடி முன்னால் வந்தார். "டாக்டர், ஒரு சின்ன தகவல். எண் நல்ல கட்டுப்பாட்டுல இருந்ததால, நோயாளியோட ஒப்புதலோட, சிகிச்சையைக் கொஞ்சம் எளிமைப்படுத்தினோம்."

"எளிமைப்படுத்தறதுன்னா?"

"அதாவது, ஒருங்கிணைந்த அணுகுமுறையில இருந்து ஒற்றை..."

"நிறுத்தச் சொல்லிட்டாரு டாக்டர்" என்றாள் அவர் மனைவி. "உங்க மாத்திரையை. மாநாட்டுக்கு முன்னாடியே. மேடையில பொய் சொல்லக் கூடாதாம்."

டாக்டரம்மா நர்ஸின் பக்கம் திரும்பி மருந்தின் பெயரைச் சொன்னாள், நர்ஸ் ஓடினாள்.

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து அவர் அதற்கும் ஒரு பதில் தயார்செய்து வைத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம் சந்தோஷமா கழுவினேன் அண்ணா" என்றாள்.

கேட்கும் எல்லோரிடமும் தான் நல்லெண்ணத்தில் செய்ததாக மேனேஜர் சொன்னார். அது உண்மை, அதுதான் அதில் இருந்த கொடுமை. பெரிய மேலாளரும் போன் செய்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்று தொடங்கி, "ஃபோல்டர்ல அவர் படம் இருக்கட்டுமா? நல்லா வந்திருக்கு, மாத்த மனசு வரல. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் இல்ல?" என்று முடித்தார். பொறுத்துப் பார்க்கலாம் சார் என்றார் மேனேஜர்.

மறுபடி ஆரம்பித்த மாத்திரை தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது திருடனைக் கட்டிப்போட்டு என்ன? மாற்று ஈரலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையில் அவருக்கு முன்னால் நிறையப் பேர் நின்றார்கள்.

மேனேஜர் தினமும் வார்டுக்கு வந்தார். தங்கை அவரிடம் பேசுவதில்லை, போகவும் சொல்வதில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுப்பார். அதில் பல எண்கள் இருந்தன. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது, மஞ்சள் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று. அவருக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றுதான்.

ஒருநாள் அந்த எண் இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. நாலு இலக்கம் மூன்று இலக்கமானது. மூன்றும் சின்னதாகிக்கொண்டே வந்தது. மேனேஜரின் தாடி வளர்ந்த முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. கட்டிலில் இருந்தவரிடம் குனிந்து, "மாப்பிள்ளை, இறங்குது! பிடிச்சுட்டோம்!" என்றார். மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. மஞ்சள் உடம்பெல்லாம் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஊசி போட்ட இடங்களில் ரத்தம் நிற்காமல் பஞ்சு நனைந்தது. அந்த எண்களுக்கெல்லாம் கம்பெனி கோடு போட்டுக் காட்டியதில்லை.

அதே நேரத்தில் டாக்டரம்மா தங்கையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள்.

"எண்ணு இறங்கிடுச்சுன்னு அண்ணன் சொல்றாரு" என்றாள் தங்கை. அவளை அறியாமல் அவள் குரலிலும் ஒரு துளி ஆசை இருந்தது.

டாக்டரம்மா மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தாள். "ஈரல்ல செல்லு உடையும்போதுதான் அந்த எண்ணு ரத்தத்துல ஏறும். நோய் அடங்கினா இறங்கும், அது நல்லது. ஆனா உடையறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்லைன்னாலும் இறங்கும்."

தங்கை அதைக் கேட்டுக்கொண்டாள். சுவரில் ஒரு ஈரலின் படம் இருந்தது, வழவழவென்று, நல்ல நிறத்தில்.

"இது எந்த இறக்கம் டாக்டர்?"

"சொந்தக்காரங்களை வரச் சொல்லிடுங்கம்மா."

அவள் எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவின் கோடியில் மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டு, நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் காத்திருந்த மற்ற நோயாளிகளின் உறவினர்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆமா பெரியம்மா, கிடுகிடுன்னு இறங்குது! இன்னும் கொஞ்சம்தான், நார்மல். நான்தான் சொன்னேனே, பொறுமையா இருங்கன்னு. இந்த டாக்டர்ங்க பயமுறுத்துவாங்க." மறுமுனையில் பெரியம்மா அழுதுகொண்டே சிரிப்பது வராந்தா முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் பெரியம்மாவுக்குப் பின்னால் யாரோ, "அரை டாக்டர் இல்லடீ, முழு டாக்டர்" என்றார்கள்.

தங்கையைப் பார்த்ததும் போனை நீட்டினார். இத்தனை நாள் பேசாதவள் இப்போதாவது பேசுவாள் என்ற ஆவலில் அவர் முகம் மாணவன் முகம்போல் இருந்தது. "பெரியம்மா லைன்ல இருக்காங்க. நீயே சொல்லும்மா, உன் வாயால."

அவள் வாங்கினாள்.

"பெரியம்மா. ஆமா, எண்ணு இறங்கிடுச்சு. எல்லாரும் கிளம்பி வாங்க."

"வர்றோம்டா கண்ணு, வராம? ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு, அன்னிக்கு..."

"இல்ல. இன்னிக்கே வாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க. அவரோட தம்பிக்கும் சொல்லிடுங்க."

மறுமுனை அமைதியானது. பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அவள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்தவள் அல்ல.

மேனேஜருக்கு இந்த அமைதி கேட்கவில்லை. எல்லோரும் வருகிறார்கள் என்பது மட்டும் கேட்டது. அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"வரட்டும், வரட்டும்" என்றார். "வரும்போது ஏதாவது இனிப்பு வாங்கிட்டு வரச் சொல்லு. நர்ஸுங்களுக்கும் குடுக்கணும்."